எலிப்பொறிக் கட்டு

ஆணியின் தலையில் மூன்று அடிதான் அடித்தாள். காதில் நான்கு விழுந்தது.

முதலில் அது அவளுக்கு உறைக்கவில்லை. தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை மாட்ட ஓர் ஆணி, அவ்வளவுதான் வேலை. மதியம் இரண்டு மணி. தகரக் கூரை சூடேறி முனகும் சத்தம், இன்னும் காயாத பூச்சின் ஈர வாசனை, பக்கத்து அறையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கணவன் போடும் குட்டித் தூக்கத்தின் குறட்டை. இத்தனைக்கும் நடுவில் ஓர் அடி கூடினால் என்ன, குறைந்தால் என்ன. ஆனால் தையல்காரிக்கு எண்ணுவது கையோடு வந்த பழக்கம். ஊர்க்கதை பேசிக்கொண்டே பொத்தான் தைத்தாலும் எண்ணிக்கை தப்பாது. அதனால் சுத்தியலின் கட்டையால் சுவரை மெதுவாக இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து, சுவருக்கு உள்ளே, அவள் இடுப்பு உயரத்தில், மூன்று தட்டு கேட்டது.

"வேற வேலை இல்லை எனக்கு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு சீருடைகளை மாட்டினாள். உள்ளே வெறுமையாக இருக்கும் சுவர் எதிரொலிக்காமல் என்ன செய்யும்.

வெறுமையாக இருப்பது அந்த வீட்டில் எல்லாச் சுவரும்தான். பதினோரு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, தெருக்கோடியில் கையகலம் மனை வாங்கியபின், செங்கல் வாங்குவதற்குள் விழி பிதுங்கிவிட்டது. அப்போது வழி சொன்னவர் மேஸ்திரிதான். "எலிப்பொறிக் கட்டு கட்டிடலாம் தங்கச்சி. கல்லைப் படுக்க வைக்காம, ரெண்டு பக்கமும் நிக்க வச்சுக் கட்டுவோம். நடுவுல கூடு கூடா விட்டுடுவோம். நாலு கல்லு போற எடத்துல மூணே போதும். வெயிலும் உள்ள வராது" என்றார். கணவன் சிரித்தான். "கடைசியில எலிப்பொறியிலதான் குடியிருக்கணும்னு நம்ம தலையில எழுதியிருக்கு" என்றான். அவளும் சிரித்தாள். நான்குக்கு மூன்று என்ற கணக்கு அவளுக்குத் தேனாக இனித்தது.

மேஸ்திரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அன்றைய வேலை முடிந்ததும் கூடுகளின் வாயையெல்லாம் சாக்குப் போட்டு மூட வேண்டும். "ஒரு ராத்திரி திறந்து கெடந்தாலும், மறுநாள் விளக்கு விட்டு அடிவரைக்கும் பாக்காம மேல கல்லு வைக்க மாட்டேன். எங்க ஆளுங்க யாருமே வைக்க மாட்டாங்க."

"ஏண்ணே, பல்லி விழுந்துடுமா?"

"பல்லி விழும், எலி விழும்" என்றவர் கரண்டியில் ஒட்டியிருந்த காய்ந்த சாந்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.

சித்தாள் வைக்க வசதியில்லாததால் சுவரை மூடும் வேலை அவள் தலையில் விழுந்தது. தினமும் மூடினாள். ஒரே ஒரு நாள்தான் தவறியது. சுவர் நெஞ்சு உயரம் வந்திருந்த நேரம். ஆறு மூட்டை சிமெண்டு வந்து வெட்டவெளியில் இறங்கிய சாயங்காலம், வானம் திடீரென்று கறுத்துக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. கணவன் பேக்கரியில் அடுப்படி வேலைக்குப் போய்விட்டிருந்தான், விடிந்தால்தான் வருவான். கையில் இருந்தது பதினாறு சாக்கும் ஒரு கிழிந்த தார்ப்பாயும். சிமெண்டு நனைந்தால் கல்லாகிப் போகும், சுவர் நனைந்தால் சுவர்தானே என்று அவள் கணக்குப் போட்டாள். எல்லாச் சாக்கையும் மூட்டைகள் மேல் போட்டுவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வாடகை அறைக்கு ஓடினாள்.

விடிந்ததும் மேஸ்திரி வருவதற்கு முன்பே வந்து ஈரச் சாக்குகளை எடுத்துக் கூடுகளின் மேல் பரப்பிவிட்டாள். அவர் வந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "ராத்திரி மூடி வச்சீங்களா?" என்றார். மூடினேன் அண்ணே என்றாள். அவர் முன்கோபக்காரர். உண்மையைச் சொன்னால் அரை நாள் வேலை கெடும், சொல்லடியும் விழும், ஒருவேளை கரண்டியைப் போட்டுவிட்டுப் போனாலும் போய்விடுவார். அந்தக் கூலிக்கு வேறு யார் வருவார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிசையை வைத்தார்.

பூச்சு முடியும் முன்பே, தரை போடாமலே, இரண்டு அறைக்குத் தகரக் கூரை போட்டுக் குடிவந்துவிட்டார்கள். கதவு வாசலுக்கு மட்டும்தான், அறைகளுக்குத் துணித் திரை. ஆணி அடித்த சுவர் மகளின் அறையில், ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவில் இருந்தது. கைகளை விரித்தால் அடங்கிவிடுகிற சின்னச் சுவர், அதற்குள் ஐந்து கூடு. மகளின் கட்டில் அதை ஒட்டித்தான் கிடந்தது.

மகளுக்கு ஆறு வயது. பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான், மற்ற இடத்திலெல்லாம் வாலு. வாய் ஓயாது. விழித்தால் பேச்சு, பல் தேய்க்கும்போது நுரையோடு பேச்சு, தூக்கத்திலும் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். ஆணி அடித்ததற்கு மறுநாள், சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவளே பேச்செடுத்தாள்.

"அம்மா, அந்தச் செவுத்துக்கு எண்ணத் தெரியும். ஆனா தப்பாத் தெரியும். நான் ரெண்டு தட்டுனா அது மூணு தட்டுது. மக்கு. நான்தான் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்."

தாயின் கையில் இருந்த கவளம் நின்றது. "எப்பலேருந்துடி?"

"வந்த அன்னிலேருந்து."

விடியற்காலையில், புருவமெல்லாம் மாவோடு வந்த கணவனிடம் சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "புது வீடு. சாந்து காயுது, கல்லு இறங்குது. சத்தம் வரத்தான் செய்யும். நாலு மாசம் போனா தானா அடங்கிடும்" என்றான். அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொன்னாலும் அவனுக்கு முகம் சுருங்கிவிடும். பதினோரு வருடம் அடுப்பு முன் வெந்தவன். அதனால் அவள் மேற்கொண்டு பேசவில்லை. மழை ராத்திரியைப் பற்றியும் பேசவில்லை.

அதன்பிறகு அவள் காது அந்தச் சுவரை விட்டு அகலவில்லை. தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே இருப்பாள், துணியின் ஓரம் வந்ததும் நிறுத்துவாள், ஊசி நின்றபிறகும் தையல் ஓடும் சத்தம் நாலைந்து தையல் தூரத்துக்குச் சுவருக்கு உள்ளே ஓடி நிற்கும். வேண்டுமென்றே விட்டு விட்டு மிதித்துப் பார்த்தாள். அதுவும் விட்டு விட்டு ஓடியது. எலி என்றால் நாற வேண்டும். மூக்கைச் சுவரில் வைத்து முகர்ந்தாள். சாந்து வாசனைக்குப் பின்னால், பால் குடிக்கும் குழந்தையின் உச்சந்தலையில் இருக்குமே ஓர் இளஞ்சூட்டு வாசனை, அது வந்தது. அது வந்ததும் சட்டென்று முகத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள்.

"அம்மா, கத்துக்கிச்சு. இப்போ ரெண்டுக்கு ரெண்டுதான் தட்டுது" என்று ஒருநாள் மகள் குதித்துக்கொண்டு வந்தாள். "என் பேரும் சொல்லிக் குடுத்துட்டேன். நம்ம வீட்டு நம்பரு, என் டீச்சரு, நீ என்னை எப்படித் திட்டுவேன்னு எல்லாம் சொல்லியிருக்கேன்."

அவள் மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். அந்தப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்றாள். கட்டிலை இழுத்துத் தன் அறையில் போட்டாள். மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கிடந்தாள். திரைக்கு அந்தப் பக்கம், ஆள் இல்லாத அறையில், யாரோ ஒரு விரலால் சுவரை லேசாகச் சுரண்டிக்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாயும் மகளும் கொல்லைப்பக்கத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருட்டவில்லை. காகங்கள் இன்னும் அடங்கவில்லை. மகள் துணி மாட்டும் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள், அதனால் அந்த ஒரு நிமிடம் மட்டும் அவள் வாயில் பேச்சில்லை. வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டது.

"அம்மா. இங்க வாயேன்."

மகளின் குரல். அதே இழுப்பு, கடைசியில் அதே செல்லச் சிணுங்கல்.

மகள் கிளிப்பைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "என்னை மாதிரியே சொல்லுது பாரும்மா."

துணியை அப்படியே போட்டாள். மகளைத் தூக்கினாள். வாசல் கதவைக்கூடச் சாத்தாமல் தெருவில் நடந்து, கடைத்தெருவைத் தாண்டி, பேக்கரியின் பின்கட்டுக்குப் போய்த்தான் நின்றாள். கணவனின் கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அன்றைய ராத்திரி மாவு மூட்டைகளின் மேல் மகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே விடிந்தது. கணவனுக்கு மானம் போன மாதிரிதான் இருந்திருக்கும். ஆனாலும் காலையில் அவனே மேஸ்திரிக்குப் போன் பண்ணினான்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். கரண்டிக் கட்டையால் சுவரைத் தட்டிக் காதை வைத்தார். ஓர் இடத்தில் தட்டினார், ஓர் அடி தள்ளித் தட்டினார், மறுபடி பழைய இடத்துக்கு வந்தார்.

"இது பக்கவாட்டுல நகருது" என்றார். "கூட்டுக்குள்ள மேல கீழ போகலாம். ஒரு கூட்டுலேருந்து அடுத்த கூட்டுக்குப் போக முடியாது. நடுவுல குறுக்குக் கல்லு இருக்கு. நான் வச்ச கல்லு."

தரையை ஒட்டி இரண்டு கல்லைத் தட்டி எடுத்தார். இருட்டாக ஒரு துவாரம். பொதுவாக அந்த மாதிரிக் கூட்டுக்குள் மேலிருந்து வழிந்த சாந்து கட்டி கட்டியாக, முள் முள்ளாகக் காய்ந்து கிடக்கும் என்று அவரே சொன்னார். இதில் ஒரு துளி இல்லை. உள்பக்கக் கல் நக்கி வழித்த தட்டு மாதிரி வழுவழுவென்று இருந்தது. நான்கு விரல் அகலம்தான் கூடு. அவர் முழங்கை வரை கையை விட்டார், விட்ட வேகத்தில் எடுத்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெதுவெதுன்னு இருக்கு" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மழை பேஞ்ச ராத்திரி ஒண்ணு வந்ததே. அன்னைக்கு வாயை மூடினியா?"

கணவன் அவளைப் பார்த்தான். அவன் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மூடினேன் அண்ணே. அன்னைக்கே சொன்னேனே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. மூடியிருந்தா ஏதோ பூச்சி பொட்டு, பயமில்லை. சாந்தை நீர்க்கக் கரைச்சு மேல இருந்து ஊத்தி அடைச்சுடலாம், தீந்தது வேலை. மூடலேன்னா அடைக்கக் கூடாது. சுவரை ஒவ்வொரு கல்லா இறக்கி, உள்ள என்னன்னு கண்ணால பாத்துட்டுத்தான் மறுபடி கட்டணும். இன்னதுன்னு தெரியாததை அடைச்சு வைக்கிற வழக்கம் எங்ககிட்ட இல்லை."

சுவரை இறக்குவது. மறுபடி கல், மறுபடி கூலி, இந்த மனுஷனுக்கு இன்னும் எத்தனை வருட அடுப்பு. "மூடினேன் அண்ணே" என்றாள் மறுபடியும்.

மேஸ்திரி பெருமூச்சு விட்டார். சுவரின் தலைப்பில் ஐந்து கல்லை எடுத்து ஐந்து கூட்டுக்கும் வாய் வைத்தார். சிமெண்டு புதன்கிழமைதான் வரும், நானும் வேறு ஓரிடத்தில் கூரை வார்க்கிறேன், வியாழக்கிழமை வந்து ஊற்றிவிடுகிறேன் என்றார். அதுவரை மேலே சாக்கைப் போட்டு, கீழே துவாரத்துக்குப் பலகையை வைத்து, பலகைக்கு முட்டாகத் தகரப்பெட்டியைத் தள்ளிவைத்தார்கள். போகும்போது மேஸ்திரி கணவனின் தோளில் கை வைத்து, "பிள்ளையைத் தனியா விடாதீங்க" என்றார்.

திங்கட்கிழமை முழுக்கச் சுவர் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சீருடை வாங்க ஓர் அம்மாள் வந்தாள். வாசலில் நின்று, கை நீளம் சரியில்லை, காலர் சரியில்லை என்று ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டாள். ஐந்தே நிமிடம். அந்த அம்மாளை அனுப்பிவிட்டு அவள் உள்ளே வந்தபோது மகளின் பேச்சுக் குரல் எந்த அறையிலும் இல்லை. திரையை விலக்கினாள். தகரப்பெட்டி நகர்ந்திருந்தது. பலகை சாய்ந்து கிடந்தது. துவாரத்துக்குப் பக்கத்தில் மகள் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உயிர் போய் உயிர் வந்தது அவளுக்கு. "என்னடி பண்ணினே?"

"ஒண்ணுமில்லம்மா."

இழுத்துக்கொண்டு வந்து நாலு சாத்து சாத்தினாள். மகள் அழவில்லை. பலகையை வைத்து, பெட்டியைத் தள்ளி, பெட்டிக்குள் இருந்த பாத்திரங்களுக்கு மேல் இரண்டு செங்கல்லையும் ஏற்றிவைத்தாள். அன்று ராத்திரி மகள் போட்டதைச் சாப்பிட்டாள். கதை கேட்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று நாலு தடவை எழுப்பவில்லை. படுக்கச் சொன்னதும் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அடித்த அடியில் பயந்துவிட்டாள் என்று அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது. பக்கத்தில் படுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. நல்லவேளை, காய்ச்சல் இல்லை.

விடிந்ததும் கணவன் சூடாக ஒரு பன் கொண்டுவந்து நீட்டினான். மற்ற நாளாக இருந்தால் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் பை பறிபோயிருக்கும். மகள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். "நல்ல பிள்ளையாயிட்டாளே" என்று அவன் தலையைத் தடவினான். உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று அன்று பள்ளிக்கு அனுப்பவில்லை.

மதியம் சிமெண்டு வந்து இறங்கியது. மூன்று மணிக்குக் கிளம்பும்போது கணவன் சொன்னான். "நீ எதையும் தொடாதே. நாளைக்கு மேஸ்திரி வரட்டும்."

"தொடலைங்க" என்றாள். அப்படித்தான் நினைத்தாள்.

நாலரை மணிக்குச் சுவர் அழ ஆரம்பித்தது.

முதலில் மூக்குறிஞ்சும் சத்தம். பிறகு தேம்பல். தகரக் கூரையில் வெயில் இறங்கி, கூரை குளிர்ந்து ஒவ்வொரு மடிப்பாகச் சொடுக்குப் போடும் நேரம் அது. அந்தச் சொடுக்குகளுக்கு இடையில், வெகு உள்ளேயிருந்து, மண்ணைத் தின்ற வாயால் பேசுவது போல் கனத்து வந்தது குரல்.

"அம்மா. இருட்டா இருக்கும்மா."

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். என்னை மாதிரியே சொல்லுது பாரும்மா என்று மகள் சிரித்தது ஞாபகம் வந்தது. அது பொய்க்குரல். மகள் இதோ இருக்கிறாள், தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், தரையில், காலை நீட்டிக்கொண்டு. சுவரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் எழுந்து வந்து அவள் உடையைப் பிடித்தாள்.

"அது பொய் சொல்லுதும்மா. நாமளே ஊத்திடலாம்."

ஒரு நாள் முழுக்க அந்த வாயிலிருந்து வந்த பேச்சில் அதுதான் நீளமானது. குழந்தை பயந்து போயிருக்கிறது, இன்னொரு ராத்திரி இதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது என்று அவளுக்கு வெறி வந்துவிட்டது. யார் வந்தால் என்ன வராவிட்டால் என்ன. இரும்புச் சட்டியில் சிமெண்டைக் கொட்டினாள். மணலைப் போட்டாள். கஞ்சி பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் கரைத்தாள். கீழ்த் துவாரத்தில் கெட்டிச் சாந்தை அப்பி, பலகையை அழுத்தி, பெட்டியை முட்டுக் கொடுத்தாள். மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் முக்காலியை வைத்து ஏறினாள். மகள் கீழே நின்று குவளையில் அள்ளி அள்ளி நீட்டினாள்.

முதல் கூடு ஜன்னல் பக்கம். ஊற்றினாள். உள்ளே சாந்து இறங்கும் சத்தம் வயிற்றுக்குள் தண்ணீர் இறங்குவது போல் கேட்டது. தேம்பல் நின்றது. இரண்டாவது கூட்டில் சுரண்டல் ஆரம்பித்தது. அங்கே ஊற்றினாள். மூன்றாவதில் கேட்டது. சிக்கினாயா என்று பல்லைக் கடித்தாள். நகரட்டும். எவ்வளவு தூரம் நகரும். மூலைக்கு அப்பால் வழியில்லை.

மூன்று நிறைந்தது. நான்கு நிறைந்தது. கை தோள்வரை கடுத்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மகள் ஒருமுறைகூடச் சிந்தாமல் அள்ளிக் கொடுத்தாள்.

ஐந்தாவது கூடு. மூலை.

சாக்கை விலக்கினாள். மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. சின்ன மூச்சு.

"அம்மா. நான்தான்மா."

ஊற்றினாள்.

"அம்மா, கால்ல ஈரமா வருதும்மா."

ஊற்றினாள்.

"இனிமே பேச மாட்டேன்மா. தொல்லை பண்ண மாட்டேன். சத்தியமா வாயே திறக்க மாட்டேன்மா."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. இது எதுவாக இருந்தாலும் எப்படிக் கற்றுக்கொண்டிருக்கிறது பாவி என்று நினைத்தாள். கீழே பார்க்காமலே கையை நீட்டினாள். குவளை வந்தது. ஊற்றினாள். மறுபடி நீட்டினாள். குவளை வந்தது. உள்ளே ஏதோ கல்லைப் பற்றிப் பற்றி மேலே ஏறியது. வழுக்கியது. மறுபடி ஏறியது.

ஊற்றினாள்.

ஓர் இருமல்.

ஊற்றினாள்.

பிறகு ஒன்றும் இல்லை.

கூரைகூடச் சொடுக்குவதை நிறுத்தியிருந்தது. முக்காலியின் மேல் நின்றபடியே காலிக் குவளையைக் கீழே நீட்டினாள். முடிந்தது. இனி தூங்கலாம். இனி எல்லோரும் போல் இந்த வீட்டில் இருக்கலாம். எவ்வளவு நிறைந்திருக்கிறது, இன்னும் எத்தனை குவளை வேண்டும் என்று பார்க்கத்தான் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து வெளிச்சம் போட்டாள். மழைக்கு மறுநாள் மேஸ்திரி கூட்டுக்குள் விட்டுப் பார்த்திருக்க வேண்டிய வெளிச்சம் அது என்பது அப்போது அவள் நினைவில் இல்லை.

கூட்டின் வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சாம்பல் நிறக் கூழ் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு கை. மணிக்கட்டு வரை வெளியே நின்றது. சின்னக் கை. அந்த நான்கு விரல் இடைவெளிக்குள் அதற்கு மேல் நுழைய வழியில்லாமல், உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றது.

பொய். இதுவும் பொய். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு விரலை நீட்டினாள்.

அந்தக் கை அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. முழுக் கையையும் பிடிக்காமல் அந்த ஒரு விரலை மட்டும். ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் மகள் அப்படித்தான் பிடிப்பாள், எத்தனை தடவை திட்டினாலும் அந்த ஒரு விரலைத்தான் பிடிப்பாள். பெற்றவளுக்கு அந்தப் பிடியை அடையாளம் காண வெளிச்சம் வேண்டியதில்லை.

சூடாக இருந்தது அந்தக் கை.

போன் நழுவிக் கூழில் விழுந்தது. உள்ளே இருந்தபடி கொஞ்ச நேரம் எரிந்தது. அவள் மற்றொரு கையால் கல்லைப் பிடித்து இழுத்தாள். நகம் பிய்ந்தது. கல் அசையவில்லை. மேஸ்திரி வைத்த கல். கீழே பெட்டி, பலகை, கெட்டிச் சாந்து, எல்லாம் அவளே அடைத்தது. விரலை இறுக்கிக்கொண்டிருந்த பிடி ஒருமுறை அழுந்தியது. பிறகு தளர்ந்தது. சுண்டு விரல் விட்டது. மோதிர விரல் விட்டது.

"அம்மா" என்றது கீழேயிருந்து.

குனிந்து பார்த்தாள். மகள் மேசையை ஒட்டி நின்றிருந்தாள். நிரம்பிய குவளையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து, கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணு போதும்மா."